ஏழு வெற்று வரிகள்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. சினிமா எப்படி என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு வசூல் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று மனசுக்குள் எண்ணுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அதனால்தான் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, மலைகளையும் சூரியகாந்தித் தோட்டங்களையும் விட்டுவிட்டு நேரே ஜெயித்தவர்கள் பட்டியலுக்குப் போனேன்.

1903-ல் ஆரம்பிக்கிறது பட்டியல். வருடா வருடம் ஒரு பெயர். 1915 முதல் 1918 வரை காலி. முதல் உலகப் போர். 1940 முதல் 1946 வரை மறுபடி காலி. இரண்டாம் உலகப் போரும் அதன் பின்விளைவும். ஊரே எரியும்போது சைக்கிள் எங்கே ஓட்டுவது, நியாயம்தான்.

அப்புறம் இன்னொரு இடத்தில் காலி. 1999 முதல் 2005 வரை, ஏழு வருடங்கள். அப்போது பிரான்ஸில் எந்தப் போரும் இல்லை. பந்தயம் ஒழுங்காக நடந்தது. லட்சக்கணக்கான ஜனம் ரோட்டோரம் நின்று கை தட்டியது. பாரீஸ் ஷான்ஸ் எலிஸே வீதியில் ஷாம்பெய்ன் குடித்தார்கள். ஆனால் ஜெயித்தவர் யாரும் இல்லை!

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை உங்களுக்குத் தெரியும். 1996-ல் புற்றுநோய். மூளை வரை பரவியது. பிழைத்து வந்து ஏழு தடவை தொடர்ந்து ஜெயித்தார். அவர் பெயரில் விற்ற மஞ்சள் ரப்பர் வளையத்தை நம் ஊர்ப் பையன்கள் கையில்கூடப் பார்த்திருப்பீர்கள். 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு சாட்சிகளை அடுக்கி அறிக்கை வெளியிட்டது. அந்த அக்டோபரில் ஏழு பட்டமும் போயிற்று. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரே முன்னால் உட்கார்ந்து, ஆமாம், ஏழு தடவையும் மருந்து எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

கதை முடிந்தது, கெட்டவன் மாட்டிக்கொண்டான் என்று எழுந்து போய்விடலாம். ஆனால் ஒரு பேரேட்டில் ஏழு வரி மட்டும் அழிக்கப்பட்டிருந்தால், எந்த நல்ல ஆடிட்டரும் அதோடு திருப்தியடைய மாட்டார். அதற்கு மேலே உள்ள வரிகளையும் பார்ப்பார்.

பார்ப்போமா?

1996-ல் ஜெயித்தவர் டென்மார்க்கின் ப்யார்னே ரீஸ். 2007-ல் அவரே நிருபர்களைக் கூப்பிட்டு, மருந்து எடுத்துத்தான் ஜெயித்தேன் என்றார். எட்டு வருடக் காலாவதி தாண்டிவிட்டது என்று பட்டத்தைப் பறிக்கவில்லை. பட்டியலில் இருக்கிறார். 1997, ஜெர்மனியின் யான் உல்ரிச். பின்னாளில் அவரும் ஊக்கமருந்து உபயோகித்ததை ஒப்புக்கொண்டார். பட்டியலில் இருக்கிறார். 1998, இத்தாலியின் மார்கோ பன்டானி. அந்த வருடத்து சாம்பிள்களை 2004-ல் ஆராய்ச்சிக்காக மறுபடி சோதித்தார்கள். 2013-ல் பிரெஞ்சு செனட் வெளியிட்ட அறிக்கையில் பன்டானி பெயர் இருந்தது, உல்ரிச் பெயரும் இருந்தது. ஆராய்ச்சி என்பதால் தண்டனை கிடையாது. பன்டானியும் பட்டியலில் இருக்கிறார்.

ஆக, அழித்த ஏழு வரிக்கு நேர் மேலே உள்ள மூன்று வரிகளும் அதே சரக்குதான். என்ன கணக்கு சார் இது?

இந்தப் பந்தயம் பிறந்ததே வியாபாரத்துக்காக. லோட்டோ என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைக்கு விற்பனை போதவில்லை. ஹென்றி டெக்ராஞ்ச் என்ற ஆசிரியர், நாட்டைச் சுற்றி சைக்கிள் பந்தயம் விட்டால் ஜனம் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகை வாங்கும் என்று கணக்குப் போட்டார். போட்ட கணக்கு பலித்தது. பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும். 1919-ல் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று உலகமே அந்தப் பனியனைக் கும்பிடுகிறது.

மூன்று வாரம், சுமார் 3,500 கிலோமீட்டர். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். தினம் ஒரு கட்டம், எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயித்தவர். ஒரு நாள் ஓட்டுவதே பெரிய விஷயம். மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்து அதே வேகத்தில் மிதிக்க வேண்டும். சாதாரண உடம்புக்கு இது அதிகம்தான். அதனால் மருந்தும் பந்தயத்தோடு கூடவே வளர்ந்தது. 1924-ல் பெலிஸியே சகோதரர்கள் பாதியில் விலகி, ஆல்பெர் லோந்த்ர் என்ற நிருபரிடம் தங்கள் பையைத் திறந்து கொகெய்ன், குளோரோஃபார்ம், மாத்திரைகள் என்று எடுத்துக் காட்டினார்கள். 1967 ஜூலை 13 அன்று வான்டூ மலையில், கொளுத்தும் வெயிலில், டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து வீரர் சைக்கிளிலிருந்து விழுந்து செத்தே போனார். வயது 29. ரத்தத்தில் ஆம்ஃபெட்டமின் இருந்தது.

ஆம்ஃபெட்டமின் களைப்பை மறக்க வைக்கும், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் வந்தது வேறு ரகம். ஈ.பி.ஓ. நம் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். சிவப்பணுக்களை உற்பத்தி செய் என்று எலும்பு மஜ்ஜைக்குத் தகவல் அனுப்பும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது சுரக்காது, சோகை வரும். அவர்களுக்காகத்தான் செயற்கையாகத் தயாரித்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருந்தால் இந்த ஊசியைத் தெரிந்திருக்கும். நோயாளி எழுந்து நடப்பதற்காகக் கண்டுபிடித்ததை, நன்றாக நடப்பவன் பறப்பதற்காகப் போட்டுக்கொண்டான். சிவப்பணு கூடினால் ஆக்சிஜன் கூடும், மலையேறும்போது மூச்சு வாங்காது. கூடவே ரத்தம் கெட்டியாகும், இதயம் திணறும்.

சோதனையில் இதைக் கண்டுபிடிக்க 2000 வரை வழியில்லை. அதனால் 1997-ல் உலக சைக்கிள் சம்மேளனம் ஒரு குறுக்குவழி பிடித்தது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவிகிதத்தைத் தாண்டினால், உடல்நலக் காரணத்துக்காக இரண்டு வாரம் ஓட்டக் கூடாது. கவனியுங்கள், மருந்து எடுத்தாய் என்று குற்றச்சாட்டு இல்லை. 'ஐம்பதுக்குள்ள வெச்சுக்கோ' என்று ஒரு கோடு, அவ்வளவுதான்.

எல்லாரும்தானே எடுத்தார்கள், அப்போ போட்டி சமம்தானே என்று சிலர் கேட்பார்கள். டீக்கடையில் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இயற்கையிலேயே 48 உள்ளவன் மருந்தால் இரண்டு புள்ளிதான் ஏற்ற முடியும். 40 உள்ளவன் பத்துப் புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். பிறவியிலேயே நல்ல ரத்தத்தோடு வந்தவனுக்குத்தான் நஷ்டம். அதோடு கெட்டிக்கார டாக்டர் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். இதில் எங்கே சமம்?

இனி 1998-க்கு வருவோம். என்னைக் கேட்டால் அந்த வருடம்தான் இந்தப் பந்தயத்தின் உண்மையான ஆடிட் ரிப்போர்ட்.

பந்தயம் அந்த முறை அயர்லாந்தின் டப்ளினில் தொடங்குவதாக இருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூலை 8 அன்று, பெல்ஜியம் எல்லையில் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டியவர் வில்லி வூட். ஃபெஸ்டினா என்ற கடிகாரக் கம்பெனி அணியின் உதவியாளர். வீரர்களுக்கு உடம்பு பிடித்து விடுவது, சாப்பாட்டுப் பை கொடுப்பதெல்லாம் அவர் வேலை. காருக்குள்ளே ஈ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் என்று நானூறுக்கும் மேல் மருந்துகள். ஒரு சின்ன மெடிக்கல் ஷாப்பே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது!

முதலில் எல்லோரும் மறுத்தார்கள். ஒரு வாரத்தில் அணியின் இயக்குநர் புருனோ ரூஸெல் போலீஸ் காவலில் உண்மையைச் சொன்னார். மருந்து அணியே ஏற்பாடு செய்தது. டாக்டர் மேற்பார்வை. செலவுக்குத் தனியாக ஒரு ரகசிய நிதி, வீரர்களின் பரிசுப் பணத்திலிருந்து பிடித்தம். அதாவது, பி.எஃப். பிடிக்கிற மாதிரி ஊசிக்குப் பிடித்திருக்கிறார்கள். ஃபெஸ்டினா அணி வெளியேற்றப்பட்டது.

போலீஸ் மற்ற அணிகளின் ஹோட்டல் அறைகளையும் சோதனை போட்டது. அப்போது வீரர்கள் செய்ததுதான் என்னால் மறக்க முடியாத காட்சி. ஜூலை 29, ஆல்பெர்வில்லிலிருந்து எக்ஸ்-லே-பான் போகும் கட்டம். நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தினார்கள். முதுகில் இருந்த நம்பர்களைக் கிழித்தார்கள். அன்றைய கட்டம் ரத்து. பல அணிகள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயின. 189 பேர் கிளம்பிய பந்தயத்தில் பாரீஸ் வந்து சேர்ந்தது 96 பேர்.

எதற்கு இந்த வேலைநிறுத்தம்? எங்கள் உடம்பில் விஷம் ஏற்றுகிறார்கள், காப்பாற்றுங்கள் என்றா? இல்லை. எங்களைக் கிரிமினல் மாதிரி நடத்துகிறார்கள் என்று. ரெய்டு வந்ததற்கு ஸ்டிரைக்! ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தமும் முடியும் எடுத்தது முறையா என்பது தனி விவாதம். ஆனால் பதுக்கல் மாட்டியபோது கடைத்தெரு மொத்தமும் ஷட்டரை இறக்கினால், பொதுஜனம் என்ன நினைக்கும்?

அடுத்த வருடம், 1999. அமைப்பாளர்கள் இதைப் 'புதுப்பிறவிப் பந்தயம்' என்று அழைத்தார்கள். மருந்து போயிருந்தால் வேகம் குறைய வேண்டும், இல்லையா? பந்தய சரித்திரத்திலேயே முதல் தடவையாக சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியது. ஜெயித்தவர் ஆம்ஸ்ட்ராங். நடுவில் அவருடைய சிறுநீரில் கார்ட்டிகோஸ்டிராய்டு துளியூண்டு தெரிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து புண்ணாகிவிட்டது, அதற்குத் தடவிய களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டு நீட்டினார்கள். சம்மேளனம் வாங்கிக்கொண்டது. அந்தச் சீட்டு பின்தேதியிட்டு எழுதியது என்று பிற்பாடு சாட்சியம் வந்தது. முன்தேதி, பின்தேதி சமாசாரமெல்லாம் எங்கள் பக்கத்து வியாதி என்றல்லவா நினைத்திருந்தேன்!

அந்தப் பந்தயத்தில் ஒரு பையன் இருந்தான். கிறிஸ்டோஃப் பாஸோன், வயது 25. மாட்டிக்கொண்ட அதே ஃபெஸ்டினா அணியில் முந்தைய வருடம் இருந்தவர். அந்த அணியில் மருந்தைத் தொடாதவர் இவர் என்று சக வீரர்களே போலீஸில் சொல்லியிருக்கிறார்கள். 1999-ல் வேறு அணிக்காக ஓட்டினார். கூடவே ல பாரீஸியேன் பத்திரிகையில் தினம் ஒரு பத்தி. மருந்து ஒழியவில்லை, இந்த வேகம் நம்பும்படி இல்லை என்று வெளிப்படையாக எழுதினார்.

மற்ற வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஆல்ப் துவெஸ் மலைக்குப் போகும் கட்டத்தில் அவர் முன்னால் பாய்ந்தபோது மொத்தக் கூட்டமும் துரத்திப் பிடித்தது. மஞ்சள் பனியனில் இருந்த ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, நீ பேசுவது சைக்கிள் விளையாட்டுக்குக் கெடுதல், நீ வீட்டுக்குப் போவது நல்லது என்கிற ரீதியில் பேசினார். அதை ரகசியமாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே டி.வி.யிலும் ஒப்புக்கொண்டார். சொந்த அணியிலும் பாஸோனுக்கு ஆதரவில்லை. இரண்டு நாள் கழித்து, விடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 2001-ல் தொழிலையே விட்டார்.

இது ஏதோ ஆம்ஸ்ட்ராங் என்ற ஒருவரின் முரட்டுத்தனம் என்று நினைத்தால், அங்கேதான் தப்பு செய்கிறோம். அவர் ஒருத்தர் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேசாமல் இருந்தார்கள். 2004-ல் இன்னொரு தடவை. ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர், மிக்கேலே ஃபெராரி என்ற டாக்டருக்கு எதிராக சாட்சி சொன்னவர். ஃபெராரி, ஆம்ஸ்ட்ராங்குக்கும் டாக்டர். பதினெட்டாவது கட்டத்தில், பட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத சிமியோனி முன்னால் போன சின்னக் கூட்டத்தோடு சேரப் பார்த்தார். மஞ்சள் பனியனே நேரில் துரத்திப் போனது. இந்த ஆள் இருக்கும்வரை உங்களையும் விட மாட்டேன் என்ற நிலை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களே சிமியோனியைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்தபோது ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டில் ஜிப் போடுவது போல சைகை காட்டினார். உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. யாரும் அவரைத் தகுதி நீக்கம் செய்யவில்லை.

இப்போது ஐந்தொகை போடுவோம்.

ஃபெஸ்டினாவின் நட்சத்திரம் ரிஷார் விராங்க். இரண்டு வருடம் அழுது அழுது மறுத்தார். 2000 அக்டோபரில் லீல் நகரக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். கோர்ட் அவரை விடுவித்தது. விளையாட்டில் சில மாதத் தடை. திரும்பி வந்தார். 2004 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினத்தன்று ஒரு கட்டத்தை ஜெயித்தார். அந்த வருடம் ஏழாவது முறையாக மலை ராஜா பனியன். ஜனம் கொண்டாடியது. அப்புறம் டி.வி. வர்ணனை. காரில் மருந்து ஏற்றிப்போன உதவியாளர் வில்லி வூட்டுக்கும், உண்மையைச் சொன்ன ரூஸெலுக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. மருந்தே எடுக்காத பாஸோனுக்கு வேலை போயிற்று.

பொய் சொன்னவனுக்கு வரவு, உண்மை சொன்னவனுக்குப் பற்று. என் புகார் இதுதான். மருந்தை ஒழிக்க முடியாமல் போனதை மன்னித்துவிடலாம், விஞ்ஞானம் அப்போது பின்தங்கியிருந்தது. ஆனால் மருந்து வேண்டாம் என்றவனை அடையாளம் கண்டு காப்பாற்ற விஞ்ஞானம் தேவையில்லை. அவன் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தான். படித்தால் போதும்.

காலாவதி விதியைப் பாருங்கள். 2014 வரை இருந்த விதிப்படி, எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் உனக்கே. ரீஸ் விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் மட்டும், பொய் சாட்சியால் மறைத்தார், அதனால் காலாவதி பொருந்தாது என்று 1998 ஆகஸ்ட் வரை பின்னால் போனார்கள். போனது சரியே. ஆனால் மறைக்காமல் மருந்து எடுத்தவர் யாராவது உண்டா என்ன?

ஏழு பட்டத்தையும் இரண்டாவது வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 1999-ல் இரண்டாவது வந்தவர் அலெக்ஸ் ஸுல்லே. 1998-ல் ஃபெஸ்டினாவில் இருந்து, ஈ.பி.ஓ. எடுத்ததை ஒப்புக்கொண்டவர்! 2000, 2001, 2003 மூன்றிலும் உல்ரிச். நல்லவேளை, யாருக்கும் தரவில்லை. அந்த வகையில் வெற்று வரி நேர்மையானதுதான். ஆனால் அதே வெற்று வரி ஒரு செளகரியமும் செய்கிறது. பாவம் முழுக்க ஒரே ஆளோடது, அவரை அழித்தோம், சுத்தமாகிவிட்டோம் என்று நம்மை நினைக்க வைக்கிறது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்ட சம்மேளனம், மஞ்சள் கதையை விற்ற பத்திரிகைகள், கை தட்டிய நாம், எல்லோரும் அந்த வெள்ளை இடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

அதற்கப்புறம் மாற்றம் இல்லாமல் இல்லை. 1998 ரகளையின் விளைவாகத்தான் 1999-ல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே பிறந்தது. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்தத்தையும் வருடக்கணக்கில் பதிவு செய்து ஒப்பிடும் 'பாஸ்போர்ட்' வந்தது. பேலன்ஸ் ஷீட்டை ஒரு வருடம் மட்டும் பார்க்காமல் பத்து வருடம் பார்ப்பது போல. நல்ல யோசனை.

கடைசியாக ஒரு பதிவு. 2012 இலையுதிர் காலம். ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிபோன அதே சமயத்தில் பிரான்ஸில் இன்னொரு சைக்கிள் வீரருக்கும் ஊக்கமருந்து விதிப்படி தடை விழுந்தது. ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் களைத்துப்போய் பாதியில் விலகி வீட்டுக்குப் போய்விட்டார். சோதனைக்கு அவர் பெயர் வந்திருந்தது, ஆள் இல்லை. ஒரு வருடத் தடை. மேல்முறையீட்டில் ஒரு மாதமாகக் குறைந்தது.

அந்த வீரர் யாரென்று ஊகித்திருப்பீர்கள். கிறிஸ்டோஃப் பாஸோன்.

விதி விதிதான், சோதனைக்குப் போகாதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1999-ன் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். முதல் இடம் வெற்றிடம். பாஸோன் பாரீஸ் வரவில்லை, அதனால் அவருக்கு இடமே இல்லை. வெற்றிடமாகக்கூட இல்லை.